முன் கண்ணாடியில் ரெண்டு இடத்தில் அடி: ஒட்டினா போதுமா, மாத்தியே ஆகணுமா?

செங்கை_ஸ்விஃப்ட்:

வணக்கம். வண்டி 2019 ஸ்விஃப்ட் பெட்ரோல், 1,197 சிசி. முன் கண்ணாடியில் ரெண்டு சேதம் இருக்கு.

முதலாவது, இடது சீட்டுக்கு நேரே, கண்ணாடியின் நடு உயரத்தில். ஜல்லி லாரியிலிருந்து தெறித்த கல். நட்சத்திரம் மாதிரி மூணு கால் விட்டிருக்கு. கால் நுனியிலிருந்து எதிர்க்கால் நுனி வரை ஸ்கேலில் 16 மி.மீ. ஆறு நாள் ஆச்சு. அன்னைக்கே மேலே செலோடேப் ஒட்டிட்டேன்.

ரெண்டாவது, டிரைவர் பக்கம் கீழே. ஓரத்துக் கறுப்புப் பட்டைக்குள்ளிருந்து ஒரு கோடு மேலே ஏறுது, 7 செ.மீ. கல் பட்ட தடம் எதுவும் கண்ணுக்குத் தெரியல.

ஒரு கடையில் ரெண்டையும் ரெசின் (இறுகிப் போற பிளாஸ்டிக் திரவம்) போட்டு அடைக்க 1,400 ரூபாய் கேட்டாங்க. இன்னொரு கடையில் கண்ணாடியே மாத்தணும், 7,800 ரூபாய்னு சொல்றாங்க. கம்பெனியில் ஒட்டின கண்ணாடியை எடுத்துட்டா மழைத்தண்ணி கண்டிப்பா இறங்கும்னும் ஒருத்தர் சொன்னார். முழுக் காப்பீடு இருக்கு, நோ கிளைம் போனஸ் (கிளைம் போடாத வருஷங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கிற தள்ளுபடி) 50 சதவீதம். எப்படி முடிவு பண்றது?

ரெசின்_மதுரை:

தெளிவாக அளந்து எழுதியிருக்கிறீர்கள், அதனால் பதில் சொல்வது எளிது. பெரும்பாலான இடங்களில் "ஒரு ரூபாய்க் காசு சேதத்தை மறைத்தால் ரிப்பேர், மறைக்காவிட்டால் மாற்று" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அளவு கடைசியாகப் பார்க்க வேண்டியது. அதற்கு முன் மூன்று விஷயம் இருக்கிறது: எந்த அடுக்கு உடைந்திருக்கிறது, கண்ணாடியின் எந்த இடம், உள்ளே அழுக்கும் ஈரமும் போயிருக்கிறதா.

முன் கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி அல்ல. ஏறக்குறைய 2 மி.மீ. தடிமனில் இரண்டு கண்ணாடிகள், நடுவில் 0.76 மி.மீ. பிளாஸ்டிக் படலம் (பி.வி.பி.). கல் அடித்தால் பொதுவாக வெளிக் கண்ணாடி மட்டும்தான் உடையும். ரெசின் வேலை செய்வதும் அந்த வெளி அடுக்கில்தான். வண்டிக்குள் உட்கார்ந்து, சேதத்துக்கு நேர் உள்பக்கத்தில் விரல் நகத்தை நாலு திசையிலும் இழுத்துப் பாருங்கள். நகம் எங்காவது தட்டினால் உள் அடுக்கும் போய்விட்டது, பேச்சே இல்லை, மாற்றத்தான் வேண்டும். சேதத்தைச் சுற்றிப் பால் நிறத்தில் வெளுத்திருந்தால் படலம் கண்ணாடியை விட்டுப் பிரிந்திருக்கிறது. அதையும் ரெசினால் சரிசெய்ய முடியாது.

உங்கள் நட்சத்திரம் நகச் சோதனையில் தேறினால் தாராளமாக ரிப்பேர் செய்யலாம். ஓரத்திலிருந்து தள்ளி இருக்கிறது, டிரைவர் பார்வைக்கு நேரே இல்லை, உடனே டேப் ஒட்டியதால் தூசி போயிருக்காது. இதே 16 மி.மீ. ஸ்டீயரிங்குக்கு நேர் மேலே இருந்திருந்தால் என் பதில் வேறு. ரெசின் போட்ட இடத்தில் சின்னத் தழும்பு இருந்தே தீரும். இரவில் எதிர் வண்டியின் ஹெட்லைட் அதில் பட்டால் ஒளி சிதறும். பிரிட்டனின் வருடாந்திர வண்டிச் சோதனையில் ஸ்டீயரிங் நடுவை வைத்து 290 மி.மீ. அகலப் பட்டையில் 10 மி.மீ.க்கு மேல் சேதம் இருந்தால் வண்டி தேறாது. வைப்பர் துடைக்கும் மற்ற இடங்களில் 40 மி.மீ. வரை விடுகிறார்கள். நம் ஊரில் அப்படி அளந்து பார்ப்பதில்லை என்றாலும், முடிவெடுக்க அந்தப் பட்டை நல்ல அளவுகோல்.

இனி கடையில் கவனிக்க வேண்டியவை. வெயிலில் நின்ற வண்டிக்கு அப்படியே ரெசின் ஏற்றக் கூடாது. கண்ணாடி கையில் சுட்டால் ரெசின் தண்ணீராகிவிடும், அழுத்தம் கொடுக்கும்போது கால்களும் நீளும். நிழலில் அரை மணி நேரம் நிற்கட்டும். முதலில் ஊசிமுனையால் குழியில் இருக்கும் கண்ணாடித் தூளை எடுக்க வேண்டும். ஈரம் இருந்தால் மிதமான சூட்டுக் காற்றில் காய வைக்க வேண்டும். சிகரெட் லைட்டரைக் காட்டுபவர்கள் உண்டு. ஒரே இடத்தில் அந்தச் சூடு பட்டால் விரிசல் ஓடும், காட்ட விடாதீர்கள்.

பிறகு உறிஞ்சு கப் வைத்த சட்டத்தைப் பொருத்தி, முதலில் காற்றை வெளியே இழுத்து, அப்புறம் ரெசினை அழுத்த வேண்டும். இந்த இழுப்பும் அழுத்தமும் இரண்டு மூன்று சுற்று நடக்கும். ரெசின் போகாத கால் பக்கவாட்டில் பார்த்தால் வெள்ளி மாதிரி மின்னும். நிரம்பியதும் அந்த மினுமினுப்பு அடங்கிவிடும். ஒரு கால் மின்னிக்கொண்டிருக்கும்போதே புற ஊதா விளக்கைப் போட்டுவிட்டால் அது அப்படியே இறுகிவிடும், திறந்து மறுபடி நிரப்ப முடியாது. ஆகவே விளக்கு போடுவதற்கு முன் உள்ளேயிருந்து ஒருமுறை, வெளியே இருந்து ஒருமுறை நீங்களே பாருங்கள்.

கடைசியில் குழிக்கு மட்டும் கெட்டியான ரெசின், மேலே பிளாஸ்டிக் தாள், மறுபடி விளக்கு. இறுகியதும் பிளேடைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டி மட்டமாக்கி பாலிஷ் போட வேண்டும்.

கடைக்குப் போகும் வரை ஃபெவிக்விக், நெயில் பாலிஷ் எதையும் குழியில் விடாதீர்கள். அது இறுகிவிட்டால் ரெசினுக்கு வழி அடைந்துபோகும்.

இவ்வளவும் நட்சத்திரத்துக்கு. அந்த 7 செ.மீ. கோடுதான் எனக்குக் கவலை. பால்பாயின்ட் பேனா முனையை அழுத்தாமல் கோட்டின் மேல் ஓட்டிப் பாருங்கள். எங்காவது குழியில் தட்டுகிறதா? உள்பக்கத்தில் கோட்டின் நுனியில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து, இரண்டு நாள் கழித்து அளந்து சொல்லுங்கள்.

நெடுஞ்சாலை_நாடோடி:

ரெசின் சார் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். அமெரிக்காவோட ரிப்பேர் தரநிலையில் 14 அங்குலம், அதாவது 35 செ.மீ. நீள விரிசல் வரைக்கும் அடைக்கலாம்னு இருக்கு. ஒரு ஓரத்தை மட்டும் தொட்டா பரவாயில்ல, ரெண்டு ஓரத்தைத் தொடக் கூடாது, அவ்வளவுதான். 7 செ.மீ.க்குப் போய் கண்ணாடியை மாத்தணுமா? நுனியில் சின்ன டிரில் போட்டு ஓட்டத்தை நிறுத்திட்டு ரெசின் ஏத்தலாமே. கம்பெனியில் ஒட்டினதை முடிஞ்சவரை கலைக்காம இருக்கறதுதான் நல்லது.

கோவை_ஃபிட்டர்:

நாடோடி ப்ரோ, அந்த 35 செ.மீ. சரிதான். ஆனா அது விரிசல் முழுசும் கைக்கு எட்டும்போது. இவருடைய கோடு கீழ்ப்பட்டைக்குள்ளிருந்து வருது. அது தொடங்கற இடம் வைப்பருக்குக் கீழே இருக்கிற பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் இருக்கும். மழைத்தண்ணி, இலைக் குப்பை, கழுவுற சோப்பு எல்லாம் தேங்கற இடம் அது. மூடியைக் கழட்டினாலும் உள்ளே ஊறின ஈரத்தையும் சோப்பையும் முழுசா எடுக்க முடியாது. ஈரத்து மேல ரெசின் ஒட்டாது. மேல தெரியற பகுதி அடைஞ்ச மாதிரி இருக்கும், வேர் திறந்தே கிடக்கும். அடுத்த கோடையில் அங்கிருந்தே மறுபடி ஓடும்.

டிரில் பத்தி: 1 மி.மீ. பிட்டை வெளிக் கண்ணாடிக்குள்ள மட்டும் இறக்கணும், படலத்தைத் தொடக் கூடாது. ஓடிட்டிருக்கிற விரிசலோட நிஜமான நுனி கண்ணுக்குத் தெரியறதை விடக் கொஞ்சம் முன்னாடி இருக்கும். நுனிக்குப் பின்னாடி ஓட்டை விழுந்தா விரிசல் நிக்காது.

இப்போ முக்கியமான விஷயம். ஓரத்திலிருந்து சுமார் 5 செ.மீ. வரைக்கும் கண்ணாடியில் இழுவிசை அதிகம். கல் பட்ட குழி இல்லாம, ஓரத்துக்குச் செங்குத்தா ஒரு கோடு கிளம்பினா பெரும்பாலும் அது அழுத்த விரிசல். காரணம் மூணு நாலுதான். ஓரத்தில் முன்னமே விழுந்த சின்னச் சில்லு, கண்ணாடி உட்கார்ற இரும்புச் சட்டம் துருப்பிடிச்சு உப்பினது, வண்டி இடிபட்டுச் சட்டம் கோணினது, இல்லைன்னா முன்னாடி யாராவது மாத்தும்போது சரியா உட்கார வைக்காதது. காரணத்தைப் பார்க்காம புதுக் கண்ணாடி வச்சா அதுவும் அதே இடத்தில் விடும். செங்கை ப்ரோ, முன் கண்ணாடி மூலையில் இருக்கிற தயாரிப்பு முத்திரையையும் கதவுக் கண்ணாடி முத்திரையையும் ஒப்பிட்டுப் பாருங்க. வேற வேற கம்பெனின்னா, ஏற்கெனவே ஒருமுறை மாத்தியிருக்க வாய்ப்பு இருக்கு.

செங்கை_ஸ்விஃப்ட்:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். பார்த்த வரைக்கும் சொல்றேன். நட்சத்திரத்துக்கு உள்பக்கம் வழவழன்னு இருக்கு. கோட்டில் பேனா எங்கேயும் குழியில் தட்டல. 7 செ.மீ. இருந்தது ரெண்டு நாளில் 9.5 ஆகி, ஸ்டீயரிங் பக்கம் வளையுது. முத்திரை வேற வேற. வண்டியை செகண்ட் ஹேண்டில்தான் வாங்கினேன்.

கோவை_ஃபிட்டர்:

அப்போ முடிவு ஆயிடுச்சு, மாத்திடுங்க. நட்சத்திரத்துக்குத் தனியா செலவு பண்ணாதீங்க. மாத்தற வரைக்கும் மதிய வெயிலில் நிறுத்தின வண்டியில் ஏசியை முழு வேகத்தில் கண்ணாடிப் பக்கம் திருப்பாதீங்க, சூடான கண்ணாடியில் தண்ணி ஊத்தாதீங்க, நடைபாதை மேல ஒரு சக்கரத்தை ஏத்தி நிறுத்தாதீங்க. எல்லா கண்ணாடியையும் ஏத்திட்டுக் கதவை ஓங்கிச் சாத்தினாலே உள் காற்று முன் கண்ணாடியைத் தள்ளும்.

மழைத்தண்ணி இறங்கறது கண்ணாடியை எடுத்ததால இல்ல, ஒட்டற விதத்தால. பக்கத்தில் நின்னு இதையெல்லாம் பாருங்க:

பழைய கண்ணாடியைக் கம்பி போட்டு அறுத்து எடுத்ததும், சட்டத்தில் இருக்கிற பழைய பசையை அடியோட சுரண்டக் கூடாது. 1 முதல் 2 மி.மீ. மட்டமா விட்டுச் சீவணும். புதுப் பசை அதுமேல நல்லா பிடிக்கும். ஆனா உங்க வண்டியில் போன தடவை சிலிக்கான் போட்டிருந்தா அதை முழுசா எடுத்தே ஆகணும், ஏன்னா சிலிக்கான் மேல எதுவும் ஒட்டாது. கீழ்ச்சட்டத்தில் துரு இருந்தா வெறும் இரும்பு தெரியற வரை தேய்ச்சு பிரைமர் அடிச்சு, காஞ்ச பிறகுதான் அடுத்த வேலை. அறுக்கும்போது பெயின்ட்டில் கத்தி பட்ட ஒவ்வொரு கீறலுக்கும் பிரைமர் வேணும். நூல் மாதிரி ஒரு கீறல் விட்டாலும் ரெண்டு மழைக்காலத்தில் அங்கே துரு உப்பும்.

கண்ணாடியின் கறுப்புப் பட்டையைத் துடைச்சு கண்ணாடி பிரைமர் போட்ட பிறகு விரல் படக் கூடாது. பசை பாலியூரித்தேன்தான், காலாவதித் தேதியை டியூபில் பாருங்க. மூக்கை வி வடிவத்தில் வெட்டி, 8 மி.மீ. அகலம், 12 மி.மீ. உயரத்தில் முக்கோணமா, நடுவில் அறுந்துபோகாம ஒரே சுற்று. ஸ்விஃப்ட் சுற்றளவு கிட்டத்தட்ட 4 மீட்டர், 310 மில்லி டியூப் ஒண்ணு போதும். பசை மேல தோல் கட்டறதுக்குள்ள, பத்து நிமிஷத்தில், ரெண்டு பேர் உறிஞ்சு கப் பிடிச்சு ஒரே தடவையில் உட்கார வைக்கணும். வச்ச பிறகு இப்படி அப்படி நகர்த்தினா பசையில் இடைவெளி விழும், தண்ணி இறங்கற வழி அதுதான்.

எவ்வளவு நேரம் கழிச்சு ஓட்டலாம்னு டியூபிலேயே போட்டிருக்கும். ஒரு மணி நேர ரகமும் இருக்கு, ஒரு ராத்திரி நிக்க வேண்டிய ரகமும் இருக்கு. அதுக்கு முன்னாடி எடுக்காதீங்க. இடது பக்க ஏர்பேக் விரியும்போது இந்தக் கண்ணாடியில் மோதித்தான் ஆள் பக்கம் திரும்பும், வண்டி உருண்டா கூரையைத் தாங்கறதிலும் இதுக்குப் பங்கு உண்டு. முதல் நாள் ஒரு ஜன்னலை ஒரு அங்குலம் இறக்கி வைங்க. ரெண்டு நாளைக்குப் பிரஷர் வாஷ் வேண்டாம்.

பாலிசி_நண்பன்:

காப்பீடு பத்தி யாரும் சொல்லலையே. கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு (பாகம் பழசாச்சுன்னு கிளைம் தொகையில் பிடிக்கறது) கிடையாது, சாதாரண முழுக் காப்பீட்டிலும் அப்படித்தான். 1,500 சிசி வரை கட்டாயமா நீங்க ஏத்துக்க வேண்டியது 1,000 ரூபாய். பசை, பிரைமர் விலை கன்ஸ்யூமபிள்ஸ் கவர் எடுத்திருந்தாதான் வரும். ஆக அதிகபட்சம் 6,800 ரூபாய் கையில் நிக்கும்.

போனஸ் போறதைப் பாருங்க. கிளைமுக்கு அடுத்த புதுப்பிப்பில் 0, அப்புறம் 20, 25, 35, 45, ஆறாவதில்தான் 50. இப்போ இருக்கிற 50-ஓட ஒப்பிட்டா வருஷா வருஷம் இழப்பு 50+30+25+15+5, மொத்தம் 125 சதவீதம். போனஸ் கழிக்கறதுக்கு முன்னாடி உங்க ஓன் டேமேஜ் பிரீமியம் (சொந்த வண்டிச் சேதத்துக்கான பங்கு) 6,000 ரூபாய்னு வச்சா 7,500 போகும். வண்டி மதிப்பு இறங்க இறங்க பிரீமியமும் குறையும், அதனால நிஜத்தில் கொஞ்சம் கம்மி. கிட்டத்தட்ட சமம்தான். போனஸ் பாதுகாப்பு கவர் (கிளைம் போட்டாலும் போனஸ் போகாம காக்கிற கவர்) இருந்தா யோசிக்காம கிளைம் போடுங்க, இல்லைன்னா கைக்காசு போட்டுட்டு கிளைமைப் பெரிய செலவுக்கு வைங்க. கிளைம்னா, காப்பீட்டுக் கம்பெனி ஆள் வந்து பார்க்கறதுக்கு முன்னாடி கண்ணாடியைக் கழட்டக் கூடாது.

இன்னொண்ணு, ஃபாஸ்டேக். உரிச்சா உள்ளே இருக்கிற ஆன்டெனா அறுந்துடும், புதுக் கண்ணாடியில் ஒட்டினாலும் வேலை செய்யாது. டேக் கொடுத்த வங்கியில் மாற்று டேக் கேட்டு இப்பவே போட்டு வச்சுடுங்க. டேக் இல்லாம டோலுக்குப் போனா கூடுதலா கட்ட வேண்டி வரும்.

ரெசின்_மதுரை:

இந்த இழையைப் படிக்கும் மற்றவர்களுக்கு: கண்ணாடிக்குப் பின்னால் கேமரா உள்ள வண்டி என்றால் (எக்ஸ்யூவி 700, கிரெட்டா போன்றவற்றின் அடாஸ், அதாவது ஓட்டுநர் உதவி வசதி உள்ள மாடல்கள்) மாற்றிய பிறகு கேமராவை மறுபடி அளவீடு செய்ய வேண்டும். அந்தக் கருவி கடையில் இருக்கிறதா, கட்டணம் பில்லில் சேர்ந்திருக்கிறதா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். கேமரா பார்க்கும் இடத்தில் சேதம் இருந்தால் ரெசினும் வேண்டாம், தழும்பு கேமராவையும் குழப்பும். கதவு, பின் கண்ணாடிகள் ஒற்றை அடுக்கில் இருந்தால் அவற்றுக்கு ரிப்பேரே கிடையாது.

செங்கை நண்பரே, கண்ணாடியைக் கழற்றியதும் கீழ்ச்சட்டத்தை ஒரு போட்டோ எடுத்து இங்கே போடுங்கள். துரு எவ்வளவு என்று பார்த்துவிட்டு ஒட்டச் சொல்லலாம்.

செங்கை_ஸ்விஃப்ட்:

வர்ற சனிக்கிழமை காலையில் விடறேன் சார். போனஸ் பாதுகாப்பு கவர் இல்லை, அதனால கைக்காசுதான். ஃபாஸ்டேக்குக்கு இன்னைக்கே போட்டுட்டேன். கழட்டினதும் போட்டோ போடறேன்.