செந்தலைப் பூங்குருவி: ஒரே பறவைக்கு இரண்டு முகங்களா?

சோலைவாசி (கேள்வி)

வணக்கம். கடந்த மே மாதம் வால்பாறையில், காப்பித் தோட்டத்தை ஒட்டிய சோலையில் செந்தலைப் பூங்குருவியைப் படமெடுத்தேன். அதன் கன்னமும் தொண்டையும் வெண்மையாக இருந்தன. கண்ணுக்குக் கீழே ஒன்றும் காதோரத்தில் ஒன்றுமாக இரண்டு கருங்கோடுகள் செங்குத்தாக இறங்கின. இந்த நவம்பரில் சென்னை கிண்டியில், புதரடியில் சருகுகளை அலகால் புரட்டிக்கொண்டிருந்த ஒரு பறவைக்கோ தலை முதல் வயிறு வரை ஒரே ஆரஞ்சு நிறம். முகத்தில் கோடே இல்லை, முதுகும் சற்றுப் பழுப்பேறியிருந்தது. படத்தை வைத்துப் பறவையை அடையாளம் சொல்லும் செயலி இரண்டுக்கும் ஒரே பெயரைத் தருகிறது. முதலாவதை ஆண் என்றும் இரண்டாவதைப் பெண் என்றும் குறித்துக்கொள்ளலாமா? அல்லது நிழலில் எடுத்ததால் கோடுகள் மங்கிவிட்டனவா?

கானகன்

சிறகின் தோள்பகுதியில் உள்ள வெள்ளைத் திட்டு கிண்டிப் படத்தில் தெளிவாகத் தெரிகிறதா? தெரிந்தால் வெளிச்சத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

சோலைவாசி

திட்டு நன்றாகவே தெரிகிறது, ஐயா.

பொதிகை நோக்கர்

அப்படியானால் கோடுகள் மங்கவில்லை. அந்தப் பறவைக்கு அவை இயல்பிலேயே இல்லை. இங்கே ஆண், பெண் என்ற கேள்வியையும் துணையினம் (ஒரே இனத்துக்குள் வட்டாரத்துக்கு வட்டாரம் தோற்றம் மாறும் பிரிவு) என்ற கேள்வியையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

வால்பாறையில் நீங்கள் கண்டது தீபகற்ப இந்தியாவில் தங்கி வாழும் சயனோட்டா என்ற துணையினம். வெண்தொண்டையும் இரட்டைக் கோடுகளும் அதன் அடையாளம். அவை ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. கிண்டியில் கண்டது சிட்ரினா. இமயமலைப் பகுதியில் இனப்பெருக்கம் செய்துவிட்டுக் குளிர்காலத்தில் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் இறங்கி வருவது அதுதான். ஆணா பெண்ணா என்று அறிய முதுகைப் பாருங்கள்: ஆணின் முதுகும் சிறகும் நீலச்சாம்பலாக இருக்கும், பெண்ணுக்கு அவை பழுப்பும் ஆலிவ் பச்சையும் கலந்து மங்கியிருக்கும். ஆகவே உங்கள் கிண்டிப் பறவை சிட்ரினாப் பெண்ணாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வால்பாறைப் பறவை ஆணா என்பதை அதன் முதுகைப் பார்க்காமல் சொல்ல முடியாது.

ஆறுமணி

முகம் இவ்வளவு மாறுபடும்போது இவற்றைத் தனித்தனி இனங்களாகவே பிரித்துவிடலாமே?

பொதிகை நோக்கர்

முகக்கோடுகளை மட்டும் வைத்துப் பிரிக்கத் தொடங்கினால் சிக்கல்தான் மிஞ்சும். இந்தப் பறவை இமயத்திலிருந்து தென்சீனம், போர்னியோ, சாவகம் (ஜாவா), பாலி வரை பரவியிருக்கிறது. ஏறத்தாழ 12 துணையினங்கள் சொல்லப்படுகின்றன. தென்சீனத்து மெல்லி என்ற துணையினத்துக்கும் சயனோட்டாவைப் போலவே முகக்கோடுகள் உண்டு, ஆனால் இரண்டுக்கும் இடையிலுள்ள நிலப்பரப்பில் கோடில்லாத பறவைகள் வாழ்கின்றன. தென்கிழக்காசியாவின் இன்னொட்டா என்ற துணையினத்துக்கோ சிறகின் வெள்ளைத் திட்டே கிடையாது. அங்கே கானகன் சொன்ன சோதனை உதவாது. அந்தமானுக்கும் நிக்கோபாருக்கும் தனித்தனித் துணையினங்கள் இருக்கின்றன. சாவகத்திலும் பாலியிலும் இதன் பாட்டுக்காகவே பிடித்துக் கூண்டில் அடைக்கிறார்கள் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. அங்குள்ள காடுகளில் இது வெகுவாகக் குறைந்துவிட்டது.

சோலைவாசி

மிக்க நன்றி. கிண்டிப் பறவை இளம்பறவையாக இருக்கக்கூடுமா?

கானகன்

குஞ்சுப் பருவ இறகுகள் என்றால் முதுகிலும் மார்பிலும் வெளிறிய கீற்றுகள் தெரியும். அவை இல்லையென்றால் பெண் என்றே எழுதலாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் சயனோட்டா தென்மேற்குப் பருவமழையை ஒட்டித்தான் கூடு கட்டும் என்பதால், கீற்றுள்ள குஞ்சுகளை அங்கே மழைக்காலத்தில் தேடலாம்.

பொதிகை நோக்கர்

பறவைப் பதிவுத் தளமான இ-பேர்டில் பதியும்போது ஊரை வைத்துத் துணையினத்தை ஊகிக்க வேண்டாம். குளிர்காலத்தில் இரண்டையும் தெற்கே காணலாம். ஆகவே முகத்தின் நிறம், கோடு உண்டா இல்லையா, முதுகின் நிறம் ஆகியவற்றைக் குறிப்புப் பெட்டியில் எழுதி, கன்னம் பக்கவாட்டில் தெரியும் படத்தையே முதலில் ஏற்றுங்கள்.