கீழமாசி வீதிக் கடையில் 9 விநாடி

கேட்டதையெல்லாம் செய்துகொடுத்தும் திட்டு வாங்கிய கதை இருந்தால் சொல்லுங்கள் என்றிருந்தீர்கள். என்னுடையது இது.

மதுரை கீழமாசி வீதியில் ஒரு பலசரக்கு மொத்தக் கடை, பில்லிங் மென்பொருள் வேண்டும் என்றார்கள். ஒரு வாரம் அங்கேயே உட்கார்ந்து, பில் போடுவது, இருப்புக் கழிப்பது, பாக்கிப் பட்டியல் எடுப்பது என்று அவர்களுடைய தேவைகளை 14 பக்கம் எழுதினேன். மென்பொருள் தேவைகளை எழுதுவதற்கான ஐஇஇஇ 830 என்ற தரநிலையின் படிவத்தைப் பார்த்துத்தான் எழுதினேன் (அதன் இடத்துக்கு 2011-இலேயே 29148 என்ற புதிய தரநிலை வந்துவிட்டது என்பது அப்புறம்தான் தெரிந்தது). அத்தனையும் ஃபங்ஷனல் தேவைகள், அதாவது மென்பொருள் என்னென்ன செய்யும் என்பது. அதை எவ்வளவு சீக்கிரம், எந்த நிலைமையிலும் செய்யும் என்ற நான்-ஃபங்ஷனல் பகுதிக்கு ஒரே வரி: "வேகமாக இயங்க வேண்டும்."

முதல் நாள் காலை. மேலூர், உசிலம்பட்டிக் கடைக்காரர்கள் கல்லாவைச் சுற்றி நிற்கிறார்கள். 40 உருப்படி உள்ள பில். கணக்குப்பிள்ளை எண்டரைத் தட்டினார். திரையில் வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது. 9 விநாடி. ஒவ்வொரு உருப்படிக்கும் சர்வருக்கு ஒருமுறை போய் வந்துகொண்டிருந்தது. எங்கள் ஆபீஸில் 5 உருப்படி போட்டுப் பார்த்தபோது இது தெரியவே இல்லை. மூன்றாவது பில்லில் அவர் டிராயரைத் திறந்து துண்டுச்சீட்டுக் கட்டை எடுத்துவிட்டார். "தம்பி, நீங்க அதச் சரி பண்ணுங்க. நான் யாவாரத்தப் பாக்குறேன்."

மறுபடி எழுதினோம்: 40 உருப்படி பில் 2 விநாடிக்குள் அச்சாக வேண்டும், நெட் இல்லாவிட்டாலும். இதைக் கடிகாரம் வைத்துச் சோதிக்கலாம். "வேகமாக" என்பதை எதை வைத்துச் சோதிப்பது?

அப்புறம்தான் கடை முதலாளி அண்ணாச்சியிடம் தனியாகப் பேசினேன். முதலிலேயே பேசியிருக்க வேண்டும். அவருக்குப் பில்லைப் பற்றிக் கவலையே இல்லை. "வெளிய நிக்கிற பாக்கி உள்ள வரணும், அவ்வளவுதான்." தொழில் தேவை அதுதான். கணக்குப்பிள்ளையின் தேவை வேறு: இடது கையில் எப்போதும் போன், வலது கையால் எண் விசைகளைத் தட்டியே பில் முடிய வேண்டும். கார்பன் நகல் எடுக்கும் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை மாற்றவும் மாட்டார்கள், அது கட்டுப்பாடு.

பதில்:
எனக்கு மாட்டியது சட்ட விதி. இ-வே பில் (குறிப்பிட்ட தொகைக்கு மேல் சரக்கு அனுப்ப ஆன்லைனில் எடுக்க வேண்டிய சீட்டு) வரம்பு 50,000 ரூபாய் என்று நிரலிலேயே எழுதிவிட்டேன். கேரளாவுக்குப் போகும் சரக்குக்கு அது சரி. தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ஆயிற்றே! விருதுநகருக்குப் போகிற 60,000 ரூபாய் லோடையும் மென்பொருள் நிறுத்தி வைத்துவிட்டது. மண்டியில் சின்னப் பையனுக்கும் தெரிந்த விஷயம் என்பதால் எனக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது இரண்டு தொகையும் செட்டிங்கில் இருக்கின்றன.

முதலில் எழுதியவர்:
அதேதான், தெரிந்தது என்பதாலேயே சொல்ல மாட்டார்கள். இங்கே இப்போது பில் 2 விநாடிக்குள் வருகிறது. துண்டுச்சீட்டுக் கட்டு மட்டும் இன்னும் டிராயரில்தான் இருக்கிறது. கேட்டால், "கெடக்கட்டும் தம்பி" என்கிறார்.