கிளோசிங் காஸ்ட்டையும் நாமே கொடுக்க வேண்டுமாம், என்ன செய்வது?

அமெரிக்காவில் எங்கள் வீட்டை 4 லட்சம் டாலருக்கு விற்கப் போட்டிருக்கிறோம். மூன்று வாரமாக வந்து பார்த்துவிட்டுப் போகிறார்களே தவிர ஒருவரும் வாய் திறக்கவில்லை. நேற்று ஒரு ஆஃபர் வந்தது. கேட்ட விலையே தருவார்களாம், ஆனால் அவர்களுடைய கிளோசிங் செலவில் (வீடு வாங்கி முடிக்கும்போது லோன், பதிவு என்று கட்டும் செலவு) 10,000 டாலரை நாங்கள் ஏற்க வேண்டுமாம். ஏஜென்ட் இதெல்லாம் சகஜம் என்கிறார். வீட்டையும் கொடுத்துவிட்டு அவர்கள் செலவையும் நான் ஏன் கட்ட வேண்டும்?

பதில் 1:
சார், கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். கையிலிருந்து எடுத்துக் கொடுக்கப் போவதில்லை, விற்ற பணத்தில் கழித்துக்கொள்வார்கள். ஆக இது 3,90,000-க்கு வந்த ஆஃபர், அவ்வளவுதான். நேரடியாக 3,90,000 என்று கேட்டிருந்தால் என்ன சொல்வீர்களோ அதையே சொல்லுங்கள். விலையில் பத்தாயிரம் குறைத்தால் அவர்களுக்கு மாதத் தவணையில் அறுபது எழுபது டாலர்தான் மிச்சம். டவுன் பேமெண்ட்டோடு சேமிப்பு காலியானவருக்கு அது எதற்கு உதவும்?

பதில் 2:
விலையை 4,10,000 ஆக்கி 10,000 கொடுக்கிறேன் என்று கவுன்டர் (பதில் ஆஃபர்) போடலாம், பலரும் செய்வதுதான். கமிஷன் 5 சதவீதம் என்றால் கூடுதலாக 500 டாலர் போகும், அது பரவாயில்லை. சிக்கல் அப்ரைசலில், அதாவது லோன் கொடுப்பவர்கள் வீட்டுக்குப் போடும் மதிப்பீட்டில். போன வருடம் எனக்கு இப்படித்தான் விலையை ஏற்றி எழுதினோம், அப்ரைசல் 8,000 குறைவாக வந்தது, விலையை இறக்கினேன், கிரெடிட் (வாங்குபவர் செலவுக்கு நான் ஏற்ற தொகை) மட்டும் ஒப்பந்தத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தது. அப்ரைசல் குறைந்தால் கிரெடிட்டும் அதே அளவு குறையும் என்று முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பதில் 3:
என்ன லோன் என்று கேட்டீர்களா? குடியிருக்க வாங்கும் வீட்டுக்கு, கன்வென்ஷனல் லோனில் (அரசு உத்தரவாதம் இல்லாத சாதாரண லோன்) டவுன் பேமெண்ட் 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் விற்பவர் விலையில் 3 சதவீதம் வரைதான் தரலாம். எஃப்ஹெச்ஏ (அரசு காப்பீடு உள்ள லோன்) என்றால் 6 வரை. "10,000" என்று எழுதாமல் "உண்மையான செலவு, அதிகபட்சம் 10,000" என்று எழுதுங்கள், மிச்சம் இருந்தால் உங்களுக்கு. அப்புறம், வாங்குபவரின் ஏஜென்ட் கமிஷன் இதற்குள் அடக்கமா, தனியா? 2024 ஆகஸ்ட் விதி மாற்றத்துக்குப் பிறகு அதை யார் தருவது என்பது தனியாகப் பேசி முடிவு செய்வது, இதைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். இன்ஸ்பெக்‌ஷன் (வாங்குபவர் வைக்கும் வீட்டுப் பரிசோதனை) முடிந்ததும் ரிப்பேருக்கு இன்னொரு கிரெடிட் கேட்டு வருவார்கள், அதற்கும் இப்போதே பேசி வையுங்கள்.

கேட்டவர்:
நன்றி. விசாரித்தேன், எஃப்ஹெச்ஏதானாம். 4,03,000 விலை, அதிகபட்சம் 7,000 கிரெடிட், அப்ரைசல் நிபந்தனையோடு கவுன்டர் அனுப்பியாயிற்று. நாளை மாலை வரை அவகாசம். வீட்டில் இன்னும் முறைப்புதான்.