மருந்து ஒவ்வாமைத் தகவலை எப்படி உடன் வைத்திருக்கிறீர்கள்?

வணக்கம். என் தங்கைக்கு ஆஸ்துமா. ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் இரண்டும் அறவே ஆகாது, மூச்சு இறுகிவிடும். அடுத்த மாதம் வேலைக்காக ஓசூரில் விடுதியில் தங்கப்போகிறாள். வலி என்று போனாலே டைக்ளோஃபெனாக் ஊசியை எடுத்துவிடுகிறார்களே, அதுதான் என் பயம்.

கைப்பேசியில் பூட்டைத் திறக்காமலே பார்க்கும்படி அவசர மருத்துவத் தகவலைப் பதிந்துவிட்டோம். சார்ஜ் தீர்ந்துவிட்டால்? பணப்பையில் அட்டை வைக்கலாம். மயங்கிக் கிடப்பவரின் பையை யார் துழாவுவார்கள்?

ஒவ்வாமை விவரமும் வீட்டுத் தொலைபேசி எண்ணும் பொறித்த எஃகுக் காப்பு செய்து தருபவர்கள் கோவைப் பக்கம் இருக்கிறார்களா? பார்க்க நகை மாதிரி இருந்தால்தான் போட்டுக்கொள்வாள், அது வேறு தொல்லை. 108 ஆம்புலன்சிலோ அவசரப் பிரிவிலோ பணிபுரிபவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்: நினைவில்லாமல் வருபவரிடம் முதலில் எங்கே தேடுவீர்கள்? கையிலா, கழுத்திலா, கைப்பேசியிலா?