க்ரீன் கார்டு லாட்டரி அடித்ததாக மெயில் வந்தால்: புதிதாக வளைகுடா வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு

எமிரேட்ஸ் ஐடி (இந்த நாட்டு அடையாள அட்டை) கைக்கு வரும் முன்பே போனில் விளம்பரம் வர ஆரம்பித்துவிடும். "அமெரிக்க க்ரீன் கார்டு லாட்டரி, இன்றே கடைசி நாள், எல்லாம் நாங்களே செய்து தருகிறோம்." அதில் பெயரும் நம்பரும் கொடுத்தவர்களுக்குக் கொஞ்ச நாளில் இன்னொன்று வரும்: "வாழ்த்துகள், நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள்." இங்கே வருவதற்கு வாங்கிய கடனே இன்னும் அடையாத பிள்ளைகள் இதில் பணத்தை விடுவதைப் பார்க்க வயிறு எரிகிறது. அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

க்ரீன் கார்டு என்பது அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதிக்கும் அட்டை. அதற்கான லாட்டரி என்பது நிஜம்தான். டைவர்சிட்டி விசா என்று பெயர். 1990-இல் வந்த அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் உள்ளது, ஆண்டுக்கு 55,000 விசா வரை. ஆனால் அது அமெரிக்காவுக்குக் குறைவாக ஆள் போகும் நாடுகளுக்கானது. முந்தைய ஐந்து ஆண்டுகளில் 50,000 பேருக்கு மேல் குடியேறிய நாடு பட்டியலில் இருக்காது. இந்தியா அப்படித்தான் வெளியே நிற்கிறது. ஆகவே மதுரையிலோ நாகர்கோவிலிலோ பிறந்த உங்களுக்கு "லாட்டரி அடித்தது" என்று மெயில் வந்தால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம், அழித்துவிடுங்கள். இலங்கையில் பிறந்தவர்கள், பதிவு திறந்திருக்கும் காலத்தில், விண்ணப்பிக்கலாம்.

இந்த லாட்டரியில் பார்ப்பது பாஸ்போர்ட்டை அல்ல, பிறந்த நாட்டை. யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்போது கனடா பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்குத் தகுதி உண்டு. சென்னையில் பிறந்து அதே கனடா பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு இல்லை. ஒரு விலக்கு: கணவனோ மனைவியோ தகுதியுள்ள நாட்டில் பிறந்திருந்தால் அவர் வழியாகப் போகலாம். இங்கே இந்தியத் தமிழரும் இலங்கைத் தமிழரும் கல்யாணம் செய்துகொண்ட குடும்பங்கள் இருக்கின்றன, அவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. படிப்பும் வேண்டும்: பள்ளிப்படிப்பு முழுதாக முடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு ஆண்டுப் பயிற்சி தேவைப்படும் ஒரு தொழிலில் கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் இரண்டு ஆண்டு அனுபவம் வேண்டும்.

சரி, தேர்வானது எப்படித் தெரியும்? மெயிலில் வராது. தபாலில் வராது. வாட்ஸ்அப்பில் வரவே வராது. விண்ணப்பித்தபோது கிடைத்த உறுதிப்படுத்தல் எண்ணை வைத்து நீங்களேதான் அரசுத் தளத்தில் போய்ப் பார்க்க வேண்டும். வழக்கமாக அடுத்த மே மாதத்திலிருந்து பார்க்கலாம். வேறு வழியில் "தேர்வானீர்கள்" என்று சொல்பவர் யாராக இருந்தாலும் பொய்தான் சொல்கிறார்.

அந்த மெயில்களை நிதானமாகப் பாருங்கள். மேலே கழுகுச் சின்னம், கீழே கொடியோடு சிரிக்கும் ஒரு குடும்பம். உங்கள் பெயர் இருக்கும் இடத்தில் "அன்புள்ள வெற்றியாளரே". அனுப்பியவர் முகவரியில் நடுவில் "கவ்" (gov, அரசு என்பதன் சுருக்கம்) என்று இருக்கும், முடிவில் பார்த்தால் டாட் காம் அல்லது டாட் ஓஆர்ஜி. முடிவுதான் முக்கியம், அமெரிக்க அரசுத் தளம் டாட் கவ் என்றுதான் முடியும். பிறகு தலைக்கு இவ்வளவு டாலர், பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்ச் கடையில் போய் ஒரு தனி ஆள் பெயருக்கு அனுப்பச் சொல்வார்கள், 48 மணி நேரத்துக்குள். நிஜத்தில் விசாக் கட்டணம் ஆளுக்கு 330 டாலர், அதைத் தூதரகத்தில் நேர்காணல் நாளன்றுதான் கட்டுகிறார்கள். விண்ணப்பிக்க நெடுங்காலம் காசே வாங்கவில்லை. 2025-இல் ஒரு டாலர் கட்டணம் என்று விதி வந்தது, அதுவும் அரசுத் தளத்தில் கட்டுவதுதான். தேதிகளும் விதிகளும் மாறுவதால் அமெரிக்க வெளியுறவுத் துறையின் டிராவல் டாட் ஸ்டேட் டாட் கவ் தளத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வழக்கமாக அக்டோபரில் திறக்கும் பதிவு 2025 அக்டோபரில் திறக்கவே இல்லை. திறக்காத பதிவுக்கு "இன்றே கடைசி நாள்" என்று ஒருவர் சொன்னால் அவர் யார் என்று புரிந்துவிடும்.

இதையெல்லாம் விட எனக்குக் கவலை தருவது மெயில் அல்ல, தெருமுனையில் இருக்கும் கடை. ஃபார்ம் நிரப்பித் தரும் டைப்பிங் சென்டர்கள் எல்லாமே கெட்டவை என்று சொல்லவில்லை. ஆனால் ஃபார்மை அடுத்தவரிடம் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் அறையில் இருந்த மட்டக்களப்புத் தம்பி ஒருவர் கதை போதும். கடைக்காரர் நல்லவிதமாகப் பேசி, போட்டோ எடுத்து, பதிந்துவிட்டதாகச் சொல்லி அனுப்பினார். உறுதிப்படுத்தல் எண்ணைக் கேட்டபோது "எங்களிடம் பத்திரமாக இருக்கும்" என்றார். மே மாதம் வந்ததும் போன்: "தம்பி, விழுந்திருக்கிறது, 5,000 திர்ஹாம் கொண்டு வந்தால் எண் தருகிறேன்." தொலைந்த எண்ணைத் திரும்ப எடுக்கத் தளத்திலேயே வழி உண்டு. பெயர், பிறந்த தேதி, பதிந்த மெயில் முகவரி கொடுத்தால் காட்டும். ஆனால் கடைக்காரர் போட்டிருந்தது அவருடைய சொந்த மெயில் முகவரி. அது என்னவென்று தம்பிக்குத் தெரியாது. நிஜமாக விழுந்ததா இல்லையா என்று பார்க்கக்கூட அவரால் முடியவில்லை. பணம் கொடுக்க வேண்டாம் என்று நாங்கள் தடுத்துவிட்டோம், ஆனாலும் அந்த ஏக்கம் அவரை விட்டுப் போகவில்லை.

இன்னும் மோசமானதும் நடக்கும். கல்யாணம் ஆகாத பையன் ஃபார்மில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணை மனைவியாகச் சேர்த்துவிடுவார்கள். நேர்காணலில் அது பொய் என்று தெரிந்தால் இந்த விசாவோடு முடியாது, பிறகு அமெரிக்கா போகவே முடியாமல் ஆகிவிடலாம். நீங்கள் ஒரு முறை பதிந்து, கடையிலும் ஒரு முறை பதிந்தால் இரண்டும் தள்ளுபடி. ஒருவருக்கு ஒரே விண்ணப்பம்தான். உண்மையான மனைவியையும் 21 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளையும் விட்டுவிட்டாலும் சிக்கல்.

ஆகவே நீங்களே உட்கார்ந்து நிரப்புங்கள். ஆங்கிலம் தடுமாறினால் அறையில் படித்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மெயில், உங்கள் புதிய போட்டோ. ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும், கண்ணாடி போடக்கூடாது. கடைசியில் வரும் எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வீட்டுக்கும் அனுப்பி வையுங்கள்.

அப்புறம், தேர்வானால் விசா கிடைத்த மாதிரி என்று எண்ணி வேலையை விட்டுவிடாதீர்கள். இருக்கும் விசாவைவிட இரண்டு மடங்குக்கும் மேல் ஆட்களைத் தேர்வு செய்கிறார்கள். வரிசை எண் பின்னால் இருந்தால் முறை வராமலே போகலாம். அந்த விசாவுக்கான அமெரிக்க நிதியாண்டு முடியும் செப்டம்பர் 30-க்குள் விசா கைக்கு வராவிட்டால் அந்தத் தேர்வு செல்லாது.

"கனடா விசா லாட்டரி" என்று வந்தால், அப்படி ஒன்றே கிடையாது. எச்1பி என்ற அமெரிக்க வேலை விசாவுக்கான குலுக்கலில் கம்பெனிதான் பதிய முடியும், நீங்கள் பணம் கட்டிச் சேர முடியாது. இந்தியர்களுக்கு நிஜமாக உள்ளது பிரிட்டனின் இளம் தொழில்முறையாளர் குலுக்கல்: 18 முதல் 30 வயது, ஆண்டுக்கு 3,000 இடம், பதிய இலவசம், பிரிட்டன் அரசுத் தளத்தில் மட்டும்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் வெட்கப்பட்டு ஒளிய வேண்டாம். இன்றே வங்கிக்கோ எக்ஸ்சேஞ்சுக்கோ போய் நிறுத்தச் சொல்லுங்கள், எடுக்காத பணமாக இருந்தால் திரும்பக் கிடைக்க வாய்ப்புண்டு. துபாய் என்றால் காவல்துறையின் 901 எண்ணில் கேளுங்கள். இந்தியாவில் ஊரிலிருந்து அப்பாவோ அண்ணனோ கட்டியிருந்தால் அவர்கள் உடனே அங்குள்ள சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். மெயில், ரசீது, பேசிய எண் எதையும் அழிக்காதீர்கள். பாஸ்போர்ட் நகல் கொடுத்திருந்தால் அதையும் புகாரில் எழுதுங்கள். சில வாரம் கழித்து "போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்" என்று வேறொருவர் அழைப்பார். அது பெரும்பாலும் அதே கூட்டம்தான், எண்ணை பிளாக் செய்துவிட்டு அதையும் புகாரில் சேர்த்துவிடுங்கள்.