சின்னப் படகுக்கு டிரெய்லர்: அமைத்தவர்கள், இறக்கியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

தொடங்கியவர்:

என்னுடையது 14 அடி ஃபைபர் படகு, பின்னால் 40 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின். டிரெய்லரைத் தனியாக, பழையதாக வாங்கினேன். முன்பு அதில் இருந்தது வேறு படகு. "டிரெய்லர்தானே, எதை ஏற்றினாலும் நிற்கும்" என்றார் விற்றவர். நிற்கத்தான் செய்தது. ஆனால் படகைத் தாங்கும் இரண்டு நீளப் பலகைகளும் பின்பலகைக்கு (எஞ்சின் மாட்டும் பின்சுவர்) ஒரு சாண் முன்னாலேயே முடிந்துவிட்டன.

ஒரு சாண்தானே என்று தோன்றும். எஞ்சினின் எடை 100 கிலோவை ஒட்டி வரும். அத்தனையும் தொங்குவது பின்பலகையில். அதற்கு நேர் கீழே தாங்கல் இல்லாமல் மாதக்கணக்கில் நின்றால், பலகை முடிகிற இடத்தில் படகின் அடிப்பாகம் மெல்லக் குழிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, நேர்விளிம்புள்ள நீளச் சட்டத்தை அடியில் வைத்துப் பார்த்தால் இடைவெளி தெரியும். அப்படிக் குழிந்த படகு வேகமெடுக்கும்போது மூக்கைத் தண்ணீரில் அழுத்திக்கொண்டே ஓடும்.

படகையே முன்னால் தள்ளி வைத்திருக்கலாம். ஆனால் அப்போது டிரெய்லரை வண்டியோடு மாட்டும் கொக்கியில் விழும் எடை கூடும். அதனால் பலகைகளை நீளமாக மாற்றினேன், பின்பலகையைத் தாண்டி ஓர் அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும்படி. படகின் உள்ளே நீளவாக்கில் ஓடும் விலாக்கட்டைகளுக்கு நேர் கீழே பலகை வர வேண்டும். நடுவில் ஏராக்கட்டைக்கு (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) அடியில் இருக்கும் ரோலர்கள் படகை நேராக ஏற்றி இறக்கத்தான்; மொத்தப் பாரத்தையும் அவற்றின் தலையில் கட்டக்கூடாது.

அப்புறம் கொக்கி எடை. படகு டிரெய்லருக்கு மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் கொக்கியில் விழுந்தால் நல்லது. மொத்தம் என்றால் டிரெய்லர், படகு, எஞ்சின், பேட்டரி, நங்கூரம், பெட்ரோல் எல்லாம் சேர்த்து. 25 லிட்டர் பெட்ரோலே 18 கிலோவைத் தாண்டும். என் கணக்கில் மொத்தம் 500 கிலோ, ஆக கொக்கியில் 25 முதல் 50 கிலோ. இந்த அளவுக்கு வீட்டில் ஆள் எடை பார்க்கும் கருவியே போதும்: சமதரையில் சக்கரங்களுக்கு அடை கொடுத்து, வண்டியில் மாட்டும் உயரத்தில் கொக்கி முனையைக் கருவிமேல் ஒரு கட்டை வைத்து நிறுத்தினால் சரி. குறைந்தால் டிரெய்லர் வேகத்தில் வாலாட்டும். மிஞ்சினால் வண்டியின் பின்புறம் அமுங்கி, முன்சக்கரங்களின் பிடிமானம் குறையும். எனக்குக் குறைவாகத்தான் காட்டியது. யு போல்ட்டுகளைத் தளர்த்தி ஆக்சிலைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தியதும் சரியாயிற்று. இரண்டு பக்கமும் கொக்கியிலிருந்து ஒரே தூரம் இருக்கிறதா என்று டேப் வைத்துப் பார்த்துவிட்டு முறுக்குங்கள். இல்லையென்றால் டயர் ஒருபக்கமாகத் தேயும்.

பதில்:

பலகை பற்றி ஒன்று. என்னுடையது அலுமினியப் படகு. கரையான் அரிக்காமல் இருக்க மருந்து ஏற்றிய மரம் விற்கிறார்களே, அதில் பல வகைகளில் செம்பு இருக்கும். மேலே கம்பளம், அது எப்போதும் ஈரம், அதன்மேல் அலுமினியம். அரிக்காமல் என்ன செய்யும்? பக்கத்தில் ஒருவருடைய படகின் அடிப்பாகம் புள்ளி புள்ளியாக அரித்திருந்ததைப் பார்த்த பிறகு, நான் மரத்தின்மேல் பிளாஸ்டிக் பட்டை அடித்துவிட்டேன். பட்டையைப் பிடிக்கும் திருகின் தலை நன்றாக உள்ளே அமுங்கியிருக்க வேண்டும்.

பதில்:

அந்தப் பிளாஸ்டிக் பட்டை வழுக்கும் நண்பரே, கவனம்! சிலிக்கோன் தெளிப்பான் அடித்த பலகையும் அப்படித்தான். படகு இறக்கும் ஒரு சாய்தளத்தில் நானே பார்த்தேன்: வண்டி இன்னும் பின்னால் வந்துகொண்டிருக்கிறது, வசதிக்காக ஒருவர் முன்கூட்டியே வின்ச் (படகை இழுத்துக் கட்டும் கைச்சுழற்றி) பட்டையையும் சங்கிலியையும் கழற்றிவிட்டார். படகு அப்படியே சறுக்கிக் காங்கிரீட்டில் உட்கார்ந்தது. பின்பக்கப் பட்டைகளைச் சாய்தளத்தில் இறங்கும் முன் மேலேயே கழற்றுங்கள், படகின் வடிகால் துளைக்கு அடைப்பானைப் போடுங்கள், எஞ்சினைத் தூக்கி வையுங்கள். முன்பக்கம் மட்டும் படகு தண்ணீரைத் தொடும்வரை மாட்டியே இருக்கட்டும்.

நெடுந்தூரம் ஓட்டி வந்தால் உடனே தண்ணீருக்குள் விடாதீர்கள். சக்கர பேரிங் சூடாக இருக்கும். குளிர்ந்த நீர் பட்டதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கிரீஸ் கெட்டுவிடும். ஹப்பை, அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தை, கையால் தொட்டுப் பாருங்கள். மற்ற வேலைகளை முடிப்பதற்குள் அது ஆறிவிடும். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால், தண்ணீரை மறந்துவிட்டு அந்த பேரிங்கைப் பாருங்கள். டிரெய்லரின் விளக்கு ஒயரையும் பிடுங்கிவிட வேண்டும்.

பின்னால் ஓட்டத் தடுமாறுபவர்களுக்கு: ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடியுங்கள். டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் போதும். குட்டை டிரெய்லர் சட்டென்று மடங்கும், நீளமானது மெதுவாகத்தான் திரும்பும். அதனால் சின்னப் படகுதான் கஷ்டம், பெரியது இல்லை.

பதில்:

எங்கள் பக்கச் சாய்தளம் ரொம்பத் தட்டை. பலகை டிரெய்லர் என்றால் ஆக்சில் முழுக முழுகப் பின்னால் போக வேண்டியிருக்கும். ரோலருக்கு மாறிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ரோலர் தொடுகிற இடம் சின்னது, பாரம் அங்கங்கே குவியும். எண்ணிக்கையில் நிறைய ரோலர்கள் வைத்து, எல்லாமே படகைத் தொடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒன்று சுழலாமல் இறுகிக் கிடந்தாலும் கோடு போட்டுவிடும்.

தொடங்கியவர்:

நன்றி, எல்லோருக்கும். எனக்கு இறக்குவதைவிட ஏற்றுவதுதான் பாடாக இருந்தது. படகு கோணலாக வந்து உட்காரும். டிரெய்லரை மிகவும் ஆழத்தில் விட்டதுதான் காரணம்; படகு பலகையில் அமராமல் மிதந்துகொண்டே இருந்தது. இப்போது முதலில் பலகை முழுவதும் நனையும்வரை இறக்கி, பிறகு முன்பகுதி மூன்றில் ஒரு பங்கு வெளியே தெரியும்வரை மேலே இழுக்கிறேன். மூக்கு நேராகப் பிடித்துக்கொள்கிறது, மிச்சத்தை வின்ச் பார்த்துக்கொள்கிறது. வின்ச் பட்டை மூக்கு வளையத்தை நேராகவோ சற்று மேல்நோக்கியோ இழுக்க வேண்டும். கீழ்நோக்கி இழுத்தால் படகு ஏறாது.

பக்கக்காற்று இருந்தால் மட்டும் இன்னும் சிரமம். பின்முனையில் இரண்டு வழிகாட்டிக் கம்பங்கள் நடலாமா என்று பார்க்கிறேன். வைத்திருப்பவர்கள், படகுக்கும் கம்பத்துக்கும் எவ்வளவு இடைவெளி விட்டீர்கள்?