பைலட் ஆன தங்கை மகளுக்கு எந்த வாட்ச் வாங்கலாம்?

வணக்கமுங்க. கோபிச்செட்டிபாளையத்தில் இருந்து எழுதுகிறேன். என் தங்கை மகள் 200 மணி நேரப் பறப்பை முடித்து, தேர்வுகளும் எழுதி, வணிக விமானி உரிமம் வாங்கிவிட்டாள். மஞ்சள் காட்டு வீட்டில் இருந்து ஒரு பைலட்! தாய்மாமன் சீராக நல்ல வாட்ச் ஒன்று போட்டுவிட ஆசை. மூன்று லட்சம் வரை போகலாம்.

முதலில் மனசு பிரைட்லிங் நேவிடைமர் மேல்தான் போனது. 1952-இல் வந்த வடிவம். டயலைச் சுற்றியுள்ள வட்டத்தைத் திருப்பி எரிபொருள், வேகக் கணக்கெல்லாம் போடலாம். பார்க்க அத்தனை அழகு. ஆனால் விலை எட்டவில்லை, டயலிலும் கோடுகள் நெருக்கம்.

இப்போது லாஞ்சின்ஸ் ஸ்பிரிட் ஜூலு டைம் பக்கம் சாய்கிறேன். வானிலை அறிக்கை, பறப்புத் திட்டம் எல்லாம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் வருவதால், அதில் அந்த நேரத்தைக் காட்ட வைத்துக்கொள்ளக்கூடிய, நாளுக்கு ஒரு சுற்றுச் சுற்றும் 24 மணி முள் அவளுக்கு நிஜமாகவே பயன்படும். ஒரு சந்தேகம்தான். நம் நேரம் யுடிசியை விட ஐந்தரை மணி முன்னால். மணிக்கு இரண்டு முள் இருந்தாலும் நிமிட முள் ஒன்றுதானே? அந்த அரை மணியை மனதில் கூட்டிக் கழிப்பது பறக்கும்போது தொல்லையா, பழகிவிடுமா? பைலட்டுகள் யாராவது சொல்லுங்க.

அப்புறம், அவளுக்கு மெல்லிய மணிக்கட்டு. 39 மில்லிமீட்டர் போதுமா, 42 வேண்டுமா? நம்ம ஊர் வெயிலுக்குத் தோல் பட்டை தாங்குமா, ஸ்டீலே எடுக்கலாமா? கோயம்புத்தூரில் கையில் கட்டிப் பார்த்து, முறையான வாரண்டியோடு வாங்கியவர்கள் கடையைச் சொன்னால் பெரிய உதவியாக இருக்குமுங்க.